புரொஃபைலை எடுத்ததும் சாரியின் சிவப்பு ஏன் செங்கல் நிறமானது?

மருதமுனையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வீட்டுத் தறியில் நெய்கிற சாரிகளையும் சாறன்களையும் விற்க ஒரு வெப்சைட் செய்கிறார், மொத்தம் 64 உருப்படி, பட்டியல் பக்கத்தில் வரும் சின்னப் படங்கள்கூட ஒவ்வொன்றும் 550 கேபியைத் தாண்டி நிற்கின்றன, போனில் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது. படத்துக்குள் கலர் புரொஃபைல் என்று ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் பைல் சுருங்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எடுத்தார். சின்னப் படங்கள் நன்றாகச் சுருங்கின, ஆனால் அவற்றின் நிறங்கள் கண்ணைக் குத்துகின்றன. பெரிய படங்களின் அளவு கொஞ்சமும் குறைந்ததாகத் தெரியவில்லை, அதோடு தம்பியின் ஐபோனில் எடுத்த சிவப்புச் சாரி செங்கல் நிறமாகிவிட்டது, ஸ்டூடியோவில் எடுத்தவை மங்கிப்போயின. ஏன் இப்படி, எப்படித் திருத்துவது என்பது கேள்வி.

தங்கச்சி, புரொஃபைலை எடுத்தது பிழையில்லை. எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையை உங்களுக்குச் சொன்னவர் சொல்லாமல் விட்டுவிட்டார். முதலில் நிறத்தை இணையத்துக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி என்ற நிற அளவைக்கு மாற்ற வேண்டும், அப்புறம்தான் புரொஃபைலை எடுக்க வேண்டும். சுருக்கமான பதில் இவ்வளவுதான். ஆனால் காரணம் விளங்காமல் இதை மனப்பாடம் செய்தால் அடுத்த முறை வேறொரு சொஃப்ட்வெயரில் இதே இடத்தில் திரும்பவும் தடுக்கி விழ வேண்டி வரும், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். நான் மட்டக்களப்பு டவுனில் பல வருடமாக அச்சு வேலையும் படம் திருத்துகிற வேலையும் செய்கிறேன், துணிப் படத்தில் நிறம் போய்விட்டது என்று வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

கொம்பியூட்டருக்குப் படம் என்பது வெறும் எண்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு என்று 0 முதல் 255 வரை மூன்று எண்கள் இருக்கும். சிவப்பு 234 என்றால் எந்தச் சிவப்பில் 234 என்பது அந்த எண்ணில் இல்லை. உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். ஒரு கடதாசித் துண்டில் 6 என்று மட்டும் எழுதித் துணி வெட்டக் கொடுத்தனுப்பினால் வெட்டுகிறவர் என்ன செய்வார்? யாரா மீற்றரா என்று கேட்பார், கேட்க ஆளில்லை என்றால் தனக்குப் பழகிய அளவில் வெட்டிவிடுவார். 6 யார் என்பது கிட்டத்தட்ட 5.49 மீற்றர். துண்டில் இருந்த 'யார்' என்ற சொல்லை நீங்கள் அழித்துவிட்டு 6ஐ மட்டும் விட்டிருந்தால், மீற்றரில் பழகியவர் அரை மீற்றர் கூட வெட்டியிருப்பார். 6ஐ அடித்து 5.49 என்று எழுதிவிட்டு அதன் பிறகு 'யார்' என்பதை அழித்திருந்தால் துணி சரியாக வந்திருக்கும்.

கலர் புரொஃபைல் என்பது அந்த 'யார்' என்ற சொல். இணையத்தில் எல்லோருக்கும் பழகிய 'மீற்றர்' எஸ்ஆர்ஜிபி. 1996இல் ஹெச்பியும் மைக்ரோசொஃப்ட்டும் சேர்ந்து முன்வைத்த நிற அளவை அது, 1999இல் சர்வதேசத் தரமானது. புரொஃபைல் இல்லாத ஒரு படம் வந்தால் இன்றைய பிரவுசர்கள் அதை எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான், எண்களை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிய பிறகு புரொஃபைலை எடுத்தால் நட்டமில்லை, மாற்றாமல் எடுத்தால் நிறம் போய்விடுகிறது.

இப்போது உங்கள் சிவப்புச் சாரிக்கு வருவோம். 2016இல் வந்த ஐபோன் 7இலிருந்து அந்தப் போன்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அளவையில் படம் எடுக்கின்றன, அது எஸ்ஆர்ஜிபியை விட அகலமானது, அதிலும் சிவப்புப் பக்கமும் பச்சைப் பக்கமும் நன்றாக அகலம். எஸ்ஆர்ஜிபியில் சுத்தமான சிவப்பை எழுதினால் 255, 0, 0 என்று வரும். அதே சிவப்பு, கண்ணுக்குத் துளியும் வித்தியாசமில்லாத அதே சிவப்பு, டிஸ்ப்ளே பி3இல் 234, 51, 35 என்று எழுதப்படும். புரொஃபைல் உள்ளே இருக்கும்வரை பிரவுசர் அதைப் படித்துச் சரியான சிவப்பைக் காட்டியது. நீங்கள் அதை எடுத்ததும் 234, 51, 35 என்ற எண்ணை எஸ்ஆர்ஜிபி எண்ணாகப் படித்தது. கொஞ்சம் குறைந்த சிவப்பு, அதற்குள் கொஞ்சம் பச்சை, கொஞ்சம் நீலம். அதுதான் நீங்கள் பார்க்கிற செங்கல் நிறம். சாரியின் எண்கள் எதுவுமே மாறவில்லை என்பதைக் கவனியுங்கள், இது பின்னால் உங்களுக்கு உதவப் போகிறது.

ஸ்டூடியோப் படங்கள் மங்கியதும் இதே கதைதான். பெரிய கமராவில் அடோப் ஆர்ஜிபி என்று ஒரு தெரிவு இருக்கும், 1998இல் வந்த அளவை, அச்சுக்குக் கொடுக்கிற படங்களை அதில் எடுப்பது பலருக்கு வழக்கம். எஸ்ஆர்ஜிபியின் 255 சிவப்பு அடோப் ஆர்ஜிபியில் வெறும் 219. எஸ்ஆர்ஜிபியின் சுத்தப் பச்சை அதில் 144, 255, 60. இந்த எண்களை அப்படியே எஸ்ஆர்ஜிபியாகப் படித்தால் சிவப்பு அடங்கி, பச்சை மஞ்சளோடு கலந்து, வெயிலில் பல நாள் காயப்போட்ட துணி மாதிரி ஆகிவிடும்.

சரி, அளவுக்கு வருகிறேன். 'எடுத்தால் சுருங்கும்' என்ற பேச்சில் எவ்வளவு உண்மை என்பதை எண்ணில் பார்த்தால்தான் எங்கே மினக்கெடுவது என்று தெரியும். ஹெச்பியின் பழைய எஸ்ஆர்ஜிபி புரொஃபைல் 3,144 பைட், அதாவது 3 கேபி. அடோப் ஆர்ஜிபி 560 பைட், அரைக் கேபி. ஐபோன் போடுகிற டிஸ்ப்ளே பி3யும் அந்த அளவுதான். ஆகவே 180 கேபி இருக்கிற உங்கள் பெரிய படத்தில் அரைக் கேபியை எடுத்துவிட்டு அளவு குறையவில்லையே என்று பார்த்தால் எப்படிக் குறையும்? அந்தப் படங்களில் நீங்கள் கொடுத்தது சாரியின் நிறத்தை, பெற்றது அரைக் கேபி.

ஆனால் சின்னப் படங்கள் 550 கேபி என்று நீங்கள் எழுதியதைப் படித்த உடனே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவை உங்கள் அச்சடித்த கட்டலொக்குக்காகச் செய்த பைல்களிலிருந்து சிறிதாக்கி எடுத்தவை, சரிதானே? அச்சுக்குப் போகிற படம் சியான், மெஜென்டா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையில் இருக்கும், சிஎம்வைகே என்பார்கள். அந்த வகைப் புரொஃபைல்கள் மிகப் பெரியவை. போட்டோஷொப்பில் பல காலமாகத் தானாகவே வருகிற அமெரிக்க 'ஸ்வொப்' புரொஃபைல் 557,168 பைட், அதாவது 544 கேபி. 12 கேபி படத்தின் முதுகில் 544 கேபி மூட்டை. கூட்டினால் நீங்கள் சொன்ன எண் வந்துவிடுகிறது.

ஏன் அதற்கு மட்டும் அவ்வளவு? எஸ்ஆர்ஜிபி மாதிரி அளவைகளை மூன்று அடிப்படை நிறமும் ஒரு வளைவும் சொன்னால் போதும், சில நூறு பைட்டில் முடிந்துவிடும். மையும் கடதாசியும் அப்படி ஒரு சூத்திரத்துக்கு அடங்குவதில்லை. மஞ்சளுக்கு மேல் மெஜென்டா விழுந்தால் என்ன வரும், அதற்கு மேல் கறுப்பு 20 சதவீதம் விழுந்தால் என்ன வரும் என்று அளந்து அளந்து அட்டவணையாகத்தான் வைக்க வேண்டும், அதுவும் மையிலிருந்து நிறத்துக்கு ஒரு அட்டவணை, நிறத்திலிருந்து மைக்கு ஒரு அட்டவணை, அதிலும் போட்டோவுக்கு ஒரு விதம், லோகோ மாதிரியான தட்டை நிறத்துக்கு இன்னொரு விதம் என்று பல தொகுதிகள். அச்சகத்தில் நாங்கள் அதை நம்பித்தான் வேலை செய்கிறோம், அங்கே அது தேவையான சுமை. போனில் பார்க்கிற ஒருவருக்கு அதில் ஒரு பைட்டும் தேவையில்லை.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: ஜேபெக் படத்தில் புரொஃபைல் சுருக்கப்படாமல் அப்படியே கிடக்கும். தரத்தை 90இலிருந்து 40க்கு இறக்கினாலும் அது அசையாது, படம்தான் கெடும். படத்தை 1,200 புள்ளியிலிருந்து 200 புள்ளிக்குச் சிறிதாக்கினாலும் அது அசையாது. ஜேபெக்கில் ஒரு பெட்டிக்குள் 64 கேபி அளவுக்கு மேல் வைக்க முடியாது என்பதால் இந்த 'ஸ்வொப்'பை ஒன்பது துண்டாக வெட்டி அடுக்கி வைத்திருக்கும். உங்கள் பட்டியல் பக்கத்தில் இப்படி 64 படம் என்றால் வெறும் புரொஃபைல் மட்டும் 34 எம்பி, அதே 544 கேபி 64 தரம். படங்கள் எல்லாம் சேர்ந்தால் 768 கேபிதான். கட்டாரில் வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது உங்கள் பக்கத்தைத் திறக்கிற ஒருவர் 34 எம்பி வந்து சேரும்வரை காத்திருக்க மாட்டார்.

ஆகவே நீங்கள் சின்னப் படங்களில் செய்தது பலன் தந்த வேலை. 3 கேபி எஸ்ஆர்ஜிபி புரொஃபைல்கூட 12 கேபி படத்தில் கால்வாசிச் சுமைதான், 64 படத்துக்குக் கிட்டத்தட்ட 200 கேபி, அதையும் எடுத்துவிடலாம். 180 கேபி படத்தில் அதே 3 கேபி இரண்டு சதவீதத்துக்கும் கீழே, அதற்காக மினக்கெட வேண்டாம் என்பது என் எண்ணம். பெரிய படம் கனக்கிறது என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கும், பெரும்பாலும் தேவைக்கு மேல் புள்ளிகள் இருக்கும். போன் திரைக்கு 4,000 புள்ளி அகலப் படம் எதற்கு? 1,200க்கு இறக்கினாலே பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும்.

சின்னப் படங்களின் நிறம் கண்ணைக் குத்துவதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. சிஎம்வைகே எண்களை எப்படிப் படிப்பது என்று சொல்ல ஆளில்லாததால் பிரவுசர் ஒரு வெறும் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. நிஜ மையில் சியானும் மெஜென்டாவும் அவ்வளவு பளிச்சென்று இருக்காது, பிரவுசரின் கணக்குக்கு அது தெரியாது. இப்படியான படங்களில் புரொஃபைலை எடுத்தால் மட்டும் போதாது, படத்தையே நாலு மையிலிருந்து மூன்று நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

எப்படிச் செய்வது? படம் திருத்துகிற ஜிம்ப் என்ற சொஃப்ட்வெயர் இலவசம், அதை வைத்தே சொல்கிறேன். எஸ்ஆர்ஜிபி இல்லாத ஒரு படத்தைத் திறந்தால், உள்ளே வேறு புரொஃபைல் இருக்கிறது, வைத்துக்கொள்ளவா மாற்றவா என்று ஜிம்ப் தானாகவே கேட்கும். 'கன்வர்ட்' என்பதைக் கொடுங்கள். அந்த ஒரு தட்டில் 6 யார் 5.49 மீற்றராகிவிடுகிறது. கேட்காமல் திறந்துவிட்டால் 'இமேஜ்' மெனுவுக்குள் 'கலர் மேனேஜ்மென்ட்' இருக்கும், அதற்குள் 'கன்வர்ட் டு கலர் புரொஃபைல்'. அதற்குப் பக்கத்திலேயே 'அசைன்' என்றும் 'டிஸ்கார்ட்' என்றும் இருக்கும், இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி அழிவு நடக்கிறது. 'கன்வர்ட்' எண்ணை மாற்றி நிறத்தைக் காப்பாற்றும். 'அசைன்' எண்ணை அப்படியே விட்டுவிட்டு அளவையின் பெயரை மட்டும் மாற்றும், நிறம் மாறிவிடும். 'டிஸ்கார்ட்' பெயரை அழித்துவிடும். நீங்கள் பயன்படுத்திய கருவி செய்தது இந்த மூன்றாவதைத்தான். மாற்றிய பிறகு ஜேபெக்காக ஏற்றுமதி செய்கிற பெட்டியில் புரொஃபைலைச் சேமிக்கவா என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். போட்டோஷொப் வைத்திருந்தால் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' பெட்டியில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்று என்ற கட்டத்தில் சரி போட்டு, புரொஃபைலை உள்ளே வை என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால் இரண்டும் ஒன்றாக முடிந்துவிடும்.

64 படத்தையும் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டாம் என்றால் இமேஜ்மேஜிக் இருக்கிறது, அதுவும் இலவசம், கட்டளை எழுதி ஓட்டுகிற கருவி. அதில் ஒழுங்கு முக்கியம். முதலில் 'ஓட்டோ ஓரியன்ட்', அடுத்து எஸ்ஆர்ஜிபி புரொஃபைல் பைலைக் காட்டி 'புரொஃபைல்', கடைசியில் 'ஸ்ட்ரிப்'. 'ஸ்ட்ரிப்'பை முன்னால் போட்டால் எந்த அளவையிலிருந்து மாற்றுவது என்பதே அதற்குத் தெரியாமல் போய்விடும். 'ஓட்டோ ஓரியன்ட்' எதற்கென்றால், போனைத் திருப்பிப் பிடித்து எடுத்த படத்தில் 'இதைத் திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பு மட்டுமே இருக்கும், 'ஸ்ட்ரிப்' அந்தக் குறிப்பையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடும், நிற்க வேண்டிய சாரி படுத்துக் கிடக்கும். அதே கருவியில் 'மொக்ரிஃபை' என்று ஒரு கட்டளை உண்டு, வேறு இடம் காட்டாவிட்டால் அது மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும். மூலப் படங்களை வேறொரு ஃபோல்டரில் வைத்துவிட்டுப் பிரதியில் மட்டும் ஓட்டுங்கள்.

ஜேபெக்ட்ரான், ஜேபெக்ஒப்டிம் என்று இன்னும் இரண்டு கருவிகள் பேசப்படும். நல்ல கருவிகள்தான், படத்தைத் திரும்ப அமுக்காமலே உள்ளே இருக்கிற தேவையில்லாததை எடுத்துவிடும். ஆனால் இரண்டும் எடுக்கும், மாற்றாது. ஏற்கெனவே எஸ்ஆர்ஜிபியில் இருக்கிற படத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். வெப்பி என்ற பட வடிவத்துக்கு மாற்றுகிற கூகுளின் 'சிவெப்பி'யும் அப்படித்தான், சொல்லாவிட்டால் புரொஃபைலைத் தானாகவே விட்டுவிடும், நிறத்தை மாற்றித் தராது. வெப்சைட்டே சின்னப் படம் செய்துகொள்கிற இடங்களிலும் இது நடக்கும். சேர்வரில் ஜிடி என்ற பழைய லைப்ரரி ஓடினால் அதற்கு நிற அளவை என்ற கதையே தெரியாது, பெரிய படம் சரியாகவும் சின்னப் படம் மங்கலாகவும் இருந்தால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஏற்றுகிற மூலமே எஸ்ஆர்ஜிபியாக இருந்துவிட்டால் இந்தக் கருவிகளில் எது குறுக்கே வந்தாலும் பயமில்லை.

மூலப் படங்கள் இனி இல்லை, எல்லாவற்றின் மேலும் எழுதிவிட்டேன் என்கிறீர்களா? எண்கள் மாறவில்லை என்று முன்னால் சொன்னேன், அது இங்கே உதவும். புரொஃபைலை மட்டும் எடுத்த படத்தைக் காப்பாற்றலாம். அதே ஐபோனில் எடுத்த, கை வைக்காத இன்னொரு படத்தை ஜிம்ப்பில் திறந்து, கேட்டால் 'கீப்' என்று கொடுத்து, கலர் மேனேஜ்மென்ட் மெனுவிலேயே புரொஃபைலைத் தனிப் பைலாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு செங்கல் நிறமான படத்தைத் திறந்து அந்தப் பைலை 'அசைன்' செய்யுங்கள், 'அசைன்' சரியான மருந்தாகிற இடம் இது. சிவப்பு கண் முன்னாலேயே திரும்பி வரும். உடனே 'கன்வர்ட்' செய்து எஸ்ஆர்ஜிபிக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டூடியோப் படங்களுக்கும் இதே முறை, அடோப் ஆர்ஜிபியை அசைன் செய்து. தரத்தை இறக்கித் திரும்பச் சேமித்திருந்தால் நிறம் வரும், போன கூர்மை வராது. நாலு மையிலிருந்த சின்னப் படங்களை இப்படி மீட்க நினைக்க வேண்டாம், கட்டலொக்குக்கு முன்பிருந்த ஸ்டூடியோ மூலத்திலிருந்து புதிதாகச் சிறிதாக்குவதுதான் சுகம், நிறமும் கூடுதலாக இருக்கும்.

நானும் இதைப் பிழையாகச் செய்துதான் படித்தேன். சில வருடங்களுக்கு முன் கல்லடியில் நடந்த ஒரு கல்யாணத்தின் படங்களை இணைய அல்பமாகப் போட்டுக் கொடுத்தேன், வேகமாகத் திறக்க வேண்டும் என்று எல்லாப் படத்திலும் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் உருவிவிட்டேன். இரண்டு நாள் கழித்து மணமகளின் அம்மா கடைக்கு வந்தார். பையிலிருந்து கூறைச்சாரியை எடுத்து என் மேசையில் விரித்து, போனைத் திறந்து அந்தப் படத்தைச் சாரியின் மேலேயே வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. வாசலிலிருந்து வந்த வெளிச்சத்தில் சாரி அடர்ந்த சிவப்பாகக் கிடந்தது, போனுக்குள் இருந்தது பழுத்தும் பழுக்காத தக்காளித் தோல், சரிகைக் கரையும் வெறும் மஞ்சளாக நின்றது. அன்று இரவு விழித்திருந்து எல்லாப் படத்தையும் திரும்பச் செய்தேன். அவர் செய்த அந்தச் சோதனையைத்தான் இன்றுவரை நான் செய்கிறேன், நீங்களும் அதையே செய்யுங்கள்: துணியைப் பகல் வெளிச்சத்தில் வாசலில் விரித்து, மாற்றிய படத்தைப் போனில் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐபோன் ஒன்றிலும் விலை குறைந்த அண்ட்ரொயிட் போன் ஒன்றிலும் பாருங்கள், வாங்குகிறவர்களிடம் இரண்டும் இருக்கும். இரவில் எல்ஈடி பல்புக்குக் கீழே ஒப்பிட வேண்டாம், துணியே வேறு நிறம் காட்டும்.

துணிக்கென்று இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். எஸ்ஆர்ஜிபி சிறிய அளவை, எல்லா நிறமும் அதற்குள் அடங்காது. மயில் பச்சை, ஆழமான நீலப் பச்சை, சில மெஜென்டாச் சாயங்கள் அதன் எல்லைக்கு வெளியே நிற்கும். மாற்றும்போது எல்லைக்கு வெளியே இருப்பதெல்லாம் எல்லையில் போய் அப்பிக்கொள்ளும், நெசவின் இழை தெரியாமல் ஒரே பூச்சாக நிற்கும். அப்படி நடந்தால் மாற்றுவதற்கு முன் அந்த நிறத்தின் அடர்த்தியைச் சற்றுக் குறைத்துவிட்டு மாற்றுங்கள். நிறம் ஒரு சொட்டு அடங்கும், இழை கிடைக்கும், கைத்தறி வாங்க வருகிறவர் பார்ப்பது இழையைத்தானே.

மற்றது சிவப்புக் கரை. ஜேபெக் அளவைக் குறைக்க நிற விவரத்தை வெளிச்ச விவரத்தை விடக் குறைவாக வைக்கும், பல சொஃப்ட்வெயர்களில் அது தானாகவே நாலு புள்ளிக்கு ஒரு நிறம் என்ற கணக்கில் ஓடும். சாதாரணப் படத்தில் தெரியாது. கறுப்பு உடலில் மெல்லிய சிவப்புக் கோடு ஓடுகிற சாரியில் கோட்டின் ஓரம் கரைந்து வழிந்த மாதிரித் தெரியும். ஜிம்ப்பின் ஏற்றுமதிப் பெட்டியில் மேம்பட்ட தெரிவுகளுக்குள் 'சப்சாம்ப்ளிங்' இருக்கும், அப்படியான படங்களுக்கு மட்டும் 4:4:4 வைத்துப் பாருங்கள். அளவு கொஞ்சம் கூடும். புரொஃபைலில் மிச்சம் பிடித்ததை இங்கே செலவழிப்பது நல்ல கணக்கு.

புரொஃபைலோடு சேர்ந்து போக வேண்டியவையும் உண்டு. படத்துக்குள் ஒரு குட்டிப் படம், போட்டோஷொப் எழுதி வைக்கிற வரலாறு, கமரா விவரம் எல்லாம் கிடக்கும். போட்டோஷொப்பில் ஒரே பைலைத் திருத்தித் திருத்திப் பல படங்களை ஒட்டி வேலை செய்திருந்தால் அந்தப் பழைய படங்களின் பட்டியலே உள்ளே சேர்ந்து வளர்ந்துகொண்டு போகும், சில பைல்களில் அது மட்டும் எம்பிக் கணக்கில் இருக்கும். என்ன கிடக்கிறது என்று பார்க்க எக்ஸிஃப்டூல் என்ற கருவி போதும். அதில் இன்னொன்றையும் பாருங்கள், தங்கச்சி: தம்பியின் போனில் இடம் பதிகிற வசதி திறந்திருந்தால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் உங்கள் வீட்டின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எழுதியிருக்கும். தறி வீட்டுக்குள் இருக்கிறது, படமும் வீட்டுக்குள் எடுத்தது. அளவு குறைகிறதோ இல்லையோ, ஏற்றுவதற்கு முன் அதைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

படங்களை உங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், அது தன் கணக்குக்கு அமுக்கித்தான் அனுப்பும். டொக்கியுமெண்டாக அனுப்பினால் உள்ளதை உள்ளபடி கொண்டு சேர்க்கும்.

கடைசியாக, அடுத்த பெருநாளுக்குக் கட்டலொக் அச்சடிக்க நினைத்தால் வெப்சைட்டுக்குச் சுருக்கிய இந்தப் படங்களை அச்சகத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். அகலமான நிறங்களெல்லாம் அதில் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கும், அளவையின் பெயரும் இருக்காது, நாங்கள் ஊகித்துத்தான் அச்சடிக்க வேண்டி வரும். ஸ்டூடியோ தந்த மூலம், போனிலிருந்து வந்த மூலம், இரண்டையும் புரொஃபைலோடு ஒரு ஃபோல்டரில் போட்டு, கை வைக்காமல் ஒரு பென்டிரைவிலும் ஒரு பிரதி வைத்துவிடுங்கள். அச்சகம் கேட்டால் அதைக் கொடுங்கள். இப்போதைக்கு 64ஐயும் ஒரேயடியாகத் தொடாமல் சிவப்புச் சாரி, ஸ்டூடியோவில் எடுத்த ஒன்று, கட்டலொக்கிலிருந்து வந்த சின்னப் படம் ஒன்று என்று மூன்றை மட்டும் செய்து வாசலில் வைத்துப் பாருங்கள். சரியாக வராத படம் எது, எந்தச் சொஃப்ட்வெயரில் செய்தீர்கள் என்று எழுதுங்கள், மூலத்தையும் மாற்றியதையும் டொக்கியுமெண்டாக அனுப்பினால் திறந்து பார்த்துச் சொல்கிறேன்.